எல்ஸியின் வெள்ளிக்கால்

அத்தியாயம் 14

மகள் எல்ஸிக்குச் சப்பாத்து மாட்டும்போது இசபெல்லா கதவைச் சாத்திவிடுவாள். பக்கத்து வீட்டார் யாரும் அந்தக் கால்களைப் பார்த்துவிடக் கூடாது. மாதா திருநாளன்றும் அப்படித்தான். வெளியே காடி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கணவன் பாஸ்கல் கதவைத் தட்டினான்.

"பெல்லா, அக்காவும் மச்சானும் வந்துட்டாங்க. உள்ள என்ன செய்றே?"

"சப்பாத்து மாட்டுறேங்க. இதோ வாரேன்."

"கோயில் வாசல்ல கழட்டத்தானே போறே? அதுக்கு எதுக்குலா இந்தப் பாடு?"

அவள் கயிற்றை இன்னும் ஓர் இழுப்பு இழுத்தாள். வாசலில் கழற்ற வேண்டும். அதை நினைத்துத்தான் ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாஸ்கலின் அக்கா பெட்ரீசியா வந்து மேசைமேல் ஒரு கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே கட்டைவிரல் நீளத்தில் ஒரு வெள்ளிக்கால். தன் சின்ன வயதுக் கொலுசைப் பத்தரிடம் கொடுத்து உருக்கிச் செய்திருந்தாள்.

"எல்ஸிக்குக் கால் நேரானா வெள்ளிக்கால் வச்சு, பிள்ளைய வெறுங்காலோட தேருக்குப் பின்னால நடத்துறேன்னு நீதானே மாதாகிட்ட வேண்டிக்கிட்டே? நேராகட்டும்னு காத்துக்கிட்டு இருக்க வேணாம் பெல்லா. நாம செய்றத முதல்ல செய்வோம். அவங்க செய்றத அவங்க செய்யட்டும்."

பெட்ரீசியாவுக்குப் பிள்ளையில்லை. ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தம்பி மகள்மேல் உயிர். எல்ஸிக்காக அவள் வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடக்கிறாள் என்பது அவள் கணவர் ஸ்டானிஸ்லாஸ் வாய்தவறிச் சொல்லித்தான் வெளியே தெரிந்தது.

எல்ஸிக்கு இரண்டரை வயது. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் நடை ஒரு மாதிரி. முழங்காலை மடக்க மாட்டாள். இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, வாத்து மாதிரி ஆடி ஆடிப் போவாள். தன் காலே தன் காலில் தட்டி விழுவாள். நெற்றியில் ஒரு வீக்கம் வற்றும் முன்னே அடுத்தது வந்துவிடும்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பாஸ்கல் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டான். இசபெல்லா அசையவில்லை. அதற்குக் காரணம் ஜெலாப்பாங்கில் அவர்களுக்குப் பக்கத்து வீடு. கருப்பம்மாளின் மகள் பாப்பா ஆஸ்பத்திரிக்குப் போனாள், காலில் இரும்போடு திரும்பி வந்தாள். இளம்பிள்ளை வாதம். கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் இரண்டு பக்கமும் கம்பி, வார்ப்பட்டை, அடியில் ஒரு கனத்த கறுப்புச் சப்பாத்து. அந்த இரும்புச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்போதெல்லாம் இசபெல்லா எல்ஸியை அள்ளி மடியில் வைத்துக்கொள்வாள்.

சப்பாத்தை மட்டும் அவள் விட்டதில்லை. கணுக்காலுக்கு மேலே ஏறுகிற பழுப்புத் தோல் சப்பாத்து. பிள்ளை தவழும்போதே போட ஆரம்பித்தாள். கடைக்காரச் சீனர் எப்போதும் இரண்டு அளவு பெரிதாகத்தான் எடுத்துக் கொடுப்பார். "புடாக் செப்பாட் பெசார்லா," பிள்ளை சீக்கிரம் வளர்ந்துவிடும் என்பார். அதுவும் சரிதான் என்று முனையில் பஞ்சைத் திணித்துப் போட்டுவிடுவாள். கால் பலமில்லை என்று தெரிந்த பிறகு இன்னும் இறுக்கிக் கட்டினாள். பலமில்லாத காலுக்குச் சப்பாத்துதானே பிடிமானம்? வீட்டுக்குள் போடுவதற்கென்று துடைத்து வைத்த ஒரு ஜோடி தனியாக இருந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்குமுன் ஏறும். குளிக்கப் போனால் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்துக் குளிப்பாட்டுவாள். மறுபடி ராத்திரி கட்டிலில்தான் கழற்றுவாள்.

"வீட்டுக்குள்ள எதுக்குலா சப்பாத்து?" என்று பெட்ரீசியா ஒருநாள் கேட்டாள்.

"சிமெண்டுத் தரை அக்கா. சளி பிடிக்கும்" என்றாள் இசபெல்லா, முகத்தைப் பார்க்காமல்.

அது உண்மையான காரணம் இல்லை.

"காலை நீட்டுடா கண்ணு."

"அம்மா, தூக்கு" என்றாள் எல்ஸி. இப்போதெல்லாம் நடப்பதைவிட அவள் அதைத்தான் அதிகம் சொல்கிறாள்.

ஸ்டானிஸ்லாஸின் பழைய டட்சன் காடியில் கருப்பம்மாளும் பாப்பாவும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர்தான் கூப்பிட்டிருந்தாள்.

"டீச்சர், நான் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்குறவ. உங்க மாதா கோவிச்சுக்க மாட்டாங்களே?" என்றாள் கருப்பம்மாள்.

"ரெண்டு பேருமே அம்மாதானே. அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க" என்றாள் பெட்ரீசியா.

"பேசட்டும், பேசட்டும்" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "பெட்ரோல் மட்டும் எப்பவும் என் தலையில."

காடி குலுங்கச் சிரித்தார்கள். ஐந்து வயது பாப்பா தன் இரும்புக் காலை நீட்டி எல்ஸியின் சப்பாத்தை ஓர் இடி இடித்தாள்.

"என்னுது இரும்பு. உன்னுது வெறும் தோலுதானே. ஹே!"

"சும்மா இருடி. பெருமைப்படுற விஷயத்தப் பாரு" என்று கருப்பம்மாள் அவள் தொடையில் தட்டினாள். தட்டிய கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள். இசபெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் கொட்டிய மழையில் கோயில் வளாகம் கழுவிவிட்டது போலிருந்தது. வாசலில் செருப்புகளும் சப்பாத்துகளும் குவிந்து கிடந்தன. வேண்டுதல்காரர்கள் எல்லாரும் வெறுங்காலோடுதான் தேருக்குப் பின்னால் போவார்கள். பாஸ்கல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேர் தூக்குகிற ஆம்பளைகளோடு முன்னால் போய்விட்டான்.

பெட்ரீசியா குனிந்து எல்ஸியின் சப்பாத்துக் கயிற்றைத் தொட்டாள்.

"நானே கழட்டுறேன் அக்கா" என்று இசபெல்லா அவள் கையைக் கிட்டத்தட்டத் தட்டிவிட்டாள்.

உள்ளேயிருந்து வந்த கால்கள் வெளிறி, தண்ணீரில் ஊறிய மாதிரி இருந்தன. விரல்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. குதிகாலில் காய்ந்தும் காயாத புண். இசபெல்லா சேலைக் கொசுவத்தால் அதை மறைத்துக்கொண்டே பிள்ளையை எழுப்பி நிறுத்தினாள். சப்பாத்துகளைப் பைக்குள் போட்டாள்.

"பாப்பாவுதையும் கழட்டணுமா டீச்சர்?" என்று கருப்பம்மாள் கேட்டாள்.

"வேணாம் வேணாம். நர்சு என்ன சொல்லியிருக்காங்க?"

"தூங்கும்போது மட்டும்தான் கழட்டணுமாம்."

"அப்ப இருக்கட்டும். மாதாவுக்கு எல்லாம் தெரியும்."

மணி அடித்தது. தேர் அசைந்தது. இசபெல்லா ஒரு கையில் வெள்ளிக்காலும் மறு கையில் மகளுமாக நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் தூக்கிக்கொள்ளலாம் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள்.

"குத்துது" என்றாள் எல்ஸி. நின்று ஒரு காலைத் தூக்கி அடியைப் பார்த்தாள். அங்கே ஒரு கால் இருப்பதே இப்போதுதான் தெரிந்த மாதிரி பார்த்தாள். மறுபடி ஊன்றினாள். ஈரத் தார் ரோட்டில் விரல்கள் மெல்ல விரிந்தன. ஓர் அடி வைத்தாள். இன்னொன்று. சின்னச் சின்ன அடிகள். முழங்கால் மடங்கியது.

முன்னால் வெள்ளைக் கவுன் போட்ட பெண் பிள்ளைகள் பூ இறைத்துக்கொண்டு போனார்கள். எல்ஸி தாயின் விரலை உருவிக்கொண்டாள். இசபெல்லா "ஐயோ" என்று கை நீட்டுவதற்குள் அவள் பூவின் பின்னால் குடுகுடுவென்று ஓடினாள்.

விழவில்லை.

"ஏய், டீச்சர் தம்பி மகள் பாருலா! அந்தக் கால் இழுக்குற பிள்ளை!"

"ஓடுது! ஓடுதுலா!"

"மாதாவே!"

அந்தக் குரல் வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. யாரோ ஓர் அம்மா இசபெல்லாவின் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். பெட்ரீசியா நடுரோட்டில் முழந்தாளிட்டு, டீச்சரம்மா என்பதெல்லாம் மறந்து, வாய்விட்டு அழுதாள். இசபெல்லாவும் அழுதாள். அவள் வாழ்க்கையில் அதுபோல ஒரு சந்தோஷத்தில் அழுதது கிடையாது. அழுதுகொண்டே போய்ப் பீடத்தில் வெள்ளிக்காலை வைத்தாள்.

அந்தச் சந்தோஷம் கோயிலுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்க் குழாய் வரைக்கும்தான் நீடித்தது.

எல்ஸியின் காலெல்லாம் சேறும் பூவிதழும். இசபெல்லா அங்கே கூட்டிக்கொண்டு போய்க் கழுவினாள். துடைத்தாள். வழக்கமாகச் செய்வதுபோலவே, யோசிக்காமல், பையிலிருந்து சப்பாத்தை எடுத்து மாட்டிக் கயிற்றை இறுக்கினாள்.

"வா, அத்தைகிட்டப் போலாம்."

சரக். சரக்.

எல்ஸி காலை இழுத்தாள். பழைய மாதிரியே. வாத்து மாதிரியே.

இசபெல்லா நின்றுவிட்டாள். மாதா கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது. என்ன குறை வைத்தேன்? மனசுக்குள் ஏதாவது தப்பாக நினைத்துவிட்டேனா? அவள் அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டு ஒரு மங்கள வார்த்தை ஜெபத்தை ஆரம்பித்தாள். பாதியில் வாய் நின்றுபோயிற்று.

எல்ஸி தரையில் உட்கார்ந்து, "வேணாம்" என்று சிணுங்கி, ஒரு சப்பாத்தை மட்டும் எப்படியோ உதறிவிட்டிருந்தாள். அப்படியே எழுந்து, இன்னும் பூ இருக்கிறதா என்று பார்க்கப் புறப்பட்டாள்.

வெறுங்கால் மடங்கி, ஊன்றி, விரலால் உந்தி நடந்தது. சப்பாத்துப் போட்ட கால் தேய்த்துக்கொண்டு வந்தது. ஒரே பிள்ளை. ஒரே இடுப்பு. இரண்டு கால், இரண்டு நடை.

இசபெல்லா கீழே கிடந்த சப்பாத்தை எடுத்தாள். அடியை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தாள். பெரியவள் அவள், தையல் மெஷின் மிதித்து மிதித்து உரமேறிய உடம்பு. கொஞ்சம்கூட வளையவில்லை. உள்ளே விரலை விட்டாள். முனையில் திணித்த பஞ்சு நசுங்கிக் கல்லாகியிருந்தது. அந்தக் கல்லில் மோதித்தான் பிள்ளையின் விரல்கள் நாள் முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. பின்னால் குதிகால் பக்கம் காலியாகக் கிடந்தது. ஒவ்வோர் அடிக்கும் சப்பாத்து கழன்று போகாமல் இருக்க, இந்தச் சின்ன ஜீவன் அதை இழுத்துக்கொண்டே நடந்திருக்கிறது.

கட்டில் மெத்தையில் எல்ஸி நன்றாகக் குதிப்பாள். மெத்தை மெத்தென்று இருப்பதால் என்று இவள் நினைத்திருந்தாள்.

ஐயோ, நான்தானா?

எதற்காகச் செய்தேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிவதுதான் கேவலமாக இருந்தது. கல்யாணத்தன்று மணப்பெண் அறையில் பெட்ரீசியா வாங்கி வந்த வெள்ளைச் சப்பாத்து அவள் காலில் ஏறவில்லை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்க் காட்டில் செருப்பில்லாமல் ஓடி வளர்ந்த கால். பெட்ரீசியா இழுத்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து, கடைசியில் சொன்னாள்: "தோட்டத்துக் காலுலா இது. விசிறி மாதிரி விரிஞ்சு கிடக்கு. இத எதுக்குள்ள போய் அடைக்கிறது?" அறையிலிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். இசபெல்லாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பின்பக்கத்தை மிதித்து மடித்துக்கொண்டு, நீளக் கவுனுக்குள் அதை மறைத்துக்கொண்டு, பீடம் வரைக்கும் குதிகால் தேய நடந்தாள். பாஸ்கலுக்கு இன்றுவரை அது தெரியாது.

என் மகள் காலைப் பார்த்து எவளும் சிரிக்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தது. அடைத்து வைத்தால் விரியாது என்று நினைத்தது. அப்போது எல்ஸி பிறக்கக்கூட இல்லை.

"பெல்லா! இங்கயா இருக்கே?" பெட்ரீசியா ஓடி வந்தாள். கண்மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது. "வா வா. பாதர் சாட்சி சொல்லக் கூப்பிடுறாரு. எல்லாரும் பிள்ளையப் பாக்கணுமாம்."

"அக்கா, ஒரு விஷயம்..."

"அப்புறம் பேசலாம், வாலா!" எல்ஸியின் மற்றக் காலிலிருந்த சப்பாத்தையும் கழற்றி இசபெல்லா கையில் திணித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடந்தாள்.

சொல்லியிருக்கலாம். அந்த ஐம்பது அடி தூரத்தில் எந்த இடத்திலும் அவள் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கலாம். இசபெல்லா சப்பாத்துகளைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். எல்லாரும் வழிவிட்டார்கள். சிலர் அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

சொல்லாவிட்டால் என்ன? பிள்ளை நடக்கிறாள். இனிமேல் சப்பாத்துப் போடாமல் விட்டால் போயிற்று. யாருக்கு என்ன நஷ்டம்?

பெட்ரீசியா மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் என்னைத் தெரியும். நான் இன்னைக்கு மாதா செஞ்ச புதுமைய, இந்த அற்புதத்த மட்டும் சொல்ல வரல. அதுக்கு முன்னால ஒன்னு சொல்லணும்." குரல் உடைந்தது. "என் தம்பி பொண்டாட்டிய ஒருநாள் ஒரு வார்த்தை சொன்னேன். நாலு பேர் முன்னால. கேலிதான். ஆனா அந்தப் பொண்ணு தலைகுனிஞ்சு நின்னது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அப்புறம் அவ பெத்த பிள்ளைக்குக் காலு இப்படி ஆனதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. என் நாக்குக்குக் கிடைச்ச தண்டனை அந்தப் பச்சைப் பிள்ளை காலுல வந்து விழுந்திருச்சு. பெல்லா, எல்லார் முன்னாலயும் கேக்குறேன். என்னை மன்னிச்சிரு."

கூட்டம் உச்சுக்கொட்டியது. பெட்ரீசியா கையெடுத்துக் கும்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் பிரம்பெடுத்தால் வகுப்பே நடுங்குகிற பெட்ரீசியா டீச்சர், தையல்காரி இசபெல்லாவைக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

இசபெல்லா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். அங்கே கருப்பம்மாள் தெரிந்தாள்.

கருப்பம்மாள் ஈரப் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாப்பாவின் கால் அவள் மடியில். தொடைப் பட்டையைக் கழற்றியாகிவிட்டது. முழங்கால் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிடி. நீயும் நடப்பே. அந்தப் பிள்ளை சப்பாத்தக் கழட்டுனதும் நடந்துச்சு பாத்தியா? நம்பிக்கையோட எந்திரி."

"நர்சம்மா ஏசுவாங்கம்மா..."

"அவ கெடக்கா. இனி அங்க எதுக்குப் போகணும்? எந்திரி!"

பாப்பா எழுந்தாள். இரும்பில்லாத கால் துணி மாதிரித் தொங்கியது. தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, பயத்தில் சிரித்தபடி, அவள் அந்தப் பிடியை விடப் போனாள்.

"விடாதீங்க!"

அது மைக்கில் போய்விட்டது. கோயில் சுவரில் மோதித் திரும்பி வந்தது. இசபெல்லா எப்போது பெட்ரீசியாவின் பக்கத்தில் போய் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

"கருப்பம்மாக்கா, விடாதீங்க, பிள்ளைய உக்கார வைங்க! எம்பிள்ளைக்குக் காலுல கோளாறே இல்ல. ஒன்னுமே இல்ல." சேலைத் தலைப்பிலிருந்து சப்பாத்துகள் வெளியே வந்தன. "இதான். இத நான் போட்டேன். பெரிய சப்பாத்து, பஞ்ச அடைச்சு. வீட்டுக்குள்ளயும் போட்டேன். எந்திரிச்சதுலேர்ந்து தூங்குற வரைக்கும் கழட்டவே இல்ல. தரையில வெறுங்காலோட நிக்க விட்டதே இல்ல. இதத்தான் இழுத்துக்கிட்டு நடந்திருக்கா. இப்ப குழாயடியில போட்டுப் பாத்தேன், மறுபடி இழுத்துச்சு. கழட்டுனேன், நடந்துச்சு. பாப்பாவுக்கு அப்படி இல்லக்கா. அவளுக்கு அந்த இரும்பு வேணும். கட்டிவிடுங்க."



"அப்ப புதுமை இல்லையா?" என்று யாரோ ஒரு குழந்தை கேட்டது.

"பொடோலா அந்தப் பொம்பளை, சுத்த முட்டாளு. பெத்த தாய்க்குத் தெரியாதா?"

"சப்பாத்துக்குப் போயா வெள்ளிக்கால் வச்சாங்க?"

பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பி, பரவி, அடங்கியது. பாதர் மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டு, "பிள்ளை நடக்கிறாள். அதற்கு நன்றி சொல்வோம்" என்று ஜெபத்தை ஆரம்பித்தார். பாதிப் பேர் வாய்தான் அதில் சேர்ந்தது.

"ஏம்மா, கைப்பிள்ளைக்கு வீட்டுக்குள்ள எதுக்குமா சப்பாத்து?" பக்கத்திலிருந்த அம்மா ஒருத்தி நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இசபெல்லா சப்பாத்துகளைத் திரும்பத் தலைப்பில் சுற்றினாள். பெட்ரீசியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருப்பம்மாளிடம் போனபோது அவள் பட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். அவசரத்தில் கொக்கி ஓட்டையில் விழவில்லை.

"நான் கட்டுறேன் அக்கா."

"தொடாதே."

"அக்கா..."

"உம்பிள்ளை ஓடுறா. எம்பிள்ளைக்கு இரும்பு வேணும்னு நீ எல்லார் முன்னாலயும் சொல்லிட்டே." கருப்பம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எம்பிள்ளை விழுந்துரக் கூடாதுன்னுதான் கத்துனே, தெரியுது தங்கச்சி. உன்மேல கோவம் இல்ல. ஆனா இன்னைக்கு உன் மூஞ்சியப் பாக்க முடியல. போயிரு."

திரும்பிப் போகும்போது ஸ்டானிஸ்லாஸின் காடியில் கருப்பம்மாளும் பாப்பாவும்தான் ஏறினார்கள். ஸ்டானிஸ்லாஸ், "தம்பி, நீங்க பஸ்ஸுல..." என்று இழுத்தார். பாஸ்கல் தலையாட்டினான். தேர் தூக்கிய தோள் சிவந்து கன்றிப்போயிருந்தது. மனைவி பேசியதை அவன் ஒலிபெருக்கியில்தான் கேட்டான். ஊரோடு சேர்ந்து கேட்டான்.

பெட்ரீசியா கண்ணாடியை இறக்கி, இசபெல்லாவைக் கிட்டே வரச் சொன்னாள். குரல் தணிந்திருந்தது.

"ஏன் போட்டே?"

"சளி பிடிக்கும்னு அக்கா."

"பெல்லா." பெட்ரீசியாவின் கண்கள் வீங்கியிருந்தன. "அன்னைக்கு அறையில நான் சொன்னேனே, அதனாலயா?"

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அத்தனை உண்மையையும் கொட்டியாகிவிட்டது. பாக்கி இருந்தது இது ஒன்றுதான். ஆமாம் என்றால் இந்தப் பொம்பளை இனி என்றைக்கும் தலைநிமிர மாட்டாள். வெள்ளிக்கிழமையோடு மற்ற நாளும் பட்டினி கிடப்பாள்.

"இல்லக்கா. அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல."

பெட்ரீசியா அவளைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அவள் நம்பவில்லை என்பது கண்ணாடிக்குப் பின்னாலும் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். எல்ஸி பாஸ்கலின் தோளில் தூங்கிவிட்டாள். சேறு காய்ந்த சின்னப் பாதங்கள் அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"நான் எத்தனை தடவ ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன் பெல்லா?" என்றான் பாஸ்கல். கத்தவில்லை. கத்தினால் தேவலை என்றிருந்தது. "அங்க போயிருந்தா முதல் வேலையா என்ன செஞ்சிருப்பாங்க? சப்பாத்தத்தானே கழட்டச் சொல்லியிருப்பாங்க?"

"தப்புதாங்க."

"நானும் அப்பன்தானே. ராத்திரி தூங்குன பிள்ளையத்தான் பாத்தேன். நானே ஒருநாள் கழட்டி இறக்கிவிட்டிருக்கலாம். என்னையும் சேத்துத்தான் சொல்றேன்." அவன் எல்ஸியின் ஒரு பாதத்தைக் கைக்குள் மூடிக்கொண்டான். 

"அக்கா மைக்குல சொன்னிச்சே, உன்னை ஒரு வார்த்தை சொன்னேன்னு. காடியில கூட உன்னைக் கூப்பிட்டு என்னமோ கேட்டுச்சு. நீ இல்லன்னே." அவன் அவள் பக்கம் திரும்பினான். "என் அக்கா உன்னை என்ன சொன்னிச்சு?"

ஜெலாப்பாங் பஸ் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. இசபெல்லா அவசரமாகப் பையை எடுத்தாள். பாஸ்கல் கையைக் காட்டவில்லை. பஸ் வேகம் குறையாமல் அவர்களைத் தாண்டிப் போயிற்று.

"சொல்லு" என்றான்.